குமிழில் விழுந்த சாக்கட்டிக் கோடு

பாடல்களுக்கும் பொறாமை உண்டு என்பதை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. நாதச் சித்தர் வந்துதான் அறிவித்தார். ஆயிரக்கணக்கான பாடல்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அடைத்தால் அவை ஒன்றையொன்று பொறுக்காவாம். வலியது கத்துமாம், மெலியது முனகுமாம். பரிகாரமும் அவரிடமே இருந்தது. பரிகாரம் கையில் இல்லாமல் எந்தச் சித்தரும் நோயைக் கண்டுபிடிப்பதில்லை.

அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை, கைப்பேசியும் பென் டிரைவுமாக மக்கள் நின்றார்கள். விழா மண்டபத்தில் பாட்டுப் போட்டே 'பாட்டுப்பெட்டி' என்று பேர் வாங்கியவரும் முப்பதாயிரம் பாடல்களை மார்போடு அணைத்தபடி நின்றார். சென்ற வாரம் ஒரு தாலாட்டு கேட்கவில்லையென்று ஒலியைக் கூட்டினார். அடுத்து வந்த மேளப்பாட்டு இடியாக இறங்கியது. மண்டப முதலாளியின் மாமியார் கையிலிருந்த சூப்பு சம்பந்தியின் மடிக்குக் குடிபெயர்ந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று முதலாளி அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் பாட்டுப்பெட்டியை இங்கே துரத்தியது.

உடன் வந்த மனைவி தையற்காரி. அளவெடுக்காமல் எதையும் வெட்டாதவள்.

"ஏங்க, ஒரு பாட்டு இன்னொரு பாட்டைப் பாத்துப் பொறாமைப்படுமா?"

"மெதுவா பேசு. சாமி காதுல விழும்."

"விழட்டுமே. அவருக்குத்தான் நல்ல காதாச்சே."

உள்ளே சடங்கு நடந்துகொண்டிருந்தது. சித்தர் முதலில் ஒரு பாடலை ஒலிக்கவிடுவார். பிறகு ஹார்ட் டிஸ்க்கைச் செப்பு வளையத்துக்குள் வைத்து, ஆம்ப்ளிஃபையரைப் பட்டுத்துணியால் மூடி, துணிக்குள் கைவிட்டுக் கண்மூடி முணுமுணுப்பார். மறுபடி அதே பாடல் ஒலிக்கும்போது பளிச்சென்று இருக்கும். கூட்டம் உருகும். பாட்டுப்பெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையற்காரி துணிக்குள் போன கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் முறை வந்தது. ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ள அவள் அனுமதி கேட்டாள். இத்தகைய பக்தியை யார் மறுப்பார்கள்? கும்பிட்ட விரலிடுக்கில் சாக்கட்டி இருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழிலிருந்து பெட்டியின் முகப்பு வரை ஒரே நேர்கோடு விழுந்தது.

முணுமுணுப்பு முடிந்தது, துணி விலகியது, தாலாட்டு கணீரென்று ஒலித்தது.

"கேட்டியா? என்ன தெளிவு," என்றார் கணவர்.

"கேட்டேன். இப்ப இந்தக் கோட்டைப் பாருங்க."

முகப்பில் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. குமிழிலிருந்த பாதிக்கோடு மட்டும் கட்டைவிரல் அகலம் நகர்ந்திருந்தது. அவள் குமிழைத் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்தாள். தாலாட்டு பழையபடி முனகியது.

"சந்தேகம் இருக்குற எடத்துல நாதம் நிக்காதும்மா," என்றார் சித்தர்.

"நாதம் போனாப் போகட்டும் சாமி. குமிழாவது வச்ச எடத்துல நிக்கணும்ல?"

வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசையே இல்லை.

வீட்டில் கணினியில் ஓர் இலவச மென்பொருள், துணியை அளப்பதுபோல் ஒவ்வொரு பாடலின் ஒலியையும் அளந்து, எதை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று குறித்து வைத்தது. இரண்டு பகல் ஆயிற்று. வளையம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த விழாவில் தாலாட்டைத் தொடர்ந்து மேளப்பாட்டு வந்தது. மாமியார் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சித்தர் இப்போது வேறு ஊரில், பாடல்களின் சோம்பலைப் போக்குவதாகக் கேள்வி. அங்கும் வரிசை நீளம்தான். கேட்பதற்குக் காது இரண்டு இருக்கின்றன. அவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதையும் எப்போதாவது பயன்படுத்தலாம், தேய்ந்துவிடாது.