தம்பி மிஷினில்தான் படுப்பேன்

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும், நீங்கள் தலைவராக இருக்கும் வெளிநாடுவாழ் நம் ஊரார் வளர்ச்சிச் சங்கமும், அதன் செயலாளர், பொருளாளர், துணைப் பொருளாளர் உள்ளிட்ட சகல பதவிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உங்கள் அக்கா நலமா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் இருக்கிறது. அது உங்கள் சங்கம் கொடுத்தது. கடிதம் அதைப் பற்றித்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் தாய்நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், என் முறை வரும்போது உங்களுக்கு வேறொரு கூட்டம் வந்துவிடும். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தட்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அதைத் தராசு என்று சொல்ல என் மனம் ஒப்பாது. ஆகவே கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பழைய சின்ன ஸ்கேன் ஒன்று இருந்தது. அதில் படம் எடுக்கத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். டாக்டர் உங்கள் சங்கத்துக்கு எழுதினார்: எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று. நீங்கள் எல்லோரும் வீடியோவில் கூடி யோசித்தீர்கள். ஆளைக் கொடுத்தால் அவர்மேல் பெயர்ப்பலகை எங்கே மாட்டுவது என்று துணைப் பொருளாளர் கேட்டதாகக் கேள்வி. நியாயமான சந்தேகம்தான். எனவே ஆள் கேட்டவருக்கு, உள்ளே படுத்துப் போகிற பெரிய ஸ்கேன் இயந்திரம் வந்தது. அதற்கு இடம் வேண்டும் என்று பழையது பினாயில் வாளிகளோடு கிடங்கில் வைக்கப்பட்டது. நீங்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, வியர்க்க வியர்க்க ரிப்பன் வெட்டி, "இந்த மண்ணுக்கு நான் திருப்பிச் செய்கிற சிறு கைம்மாறு" என்று பேசியபோது உங்கள் அக்கா அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். எதிரே போட்டோக்காரரின் விளக்கு. நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையைவிடப் பெரிதாக அமைந்துவிட்டதால், வெளியூர்க்காரர்கள் சிலர் இதைக் கல்யாண மண்டபம் என்று நினைத்து வாடகை விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

இயந்திரத்துக்கு வியர்க்கக் கூடாதாம், அறையை எப்போதும் குளிரவைக்க வேண்டுமாம். நோயாளிகளுக்கு மின்விசிறி, இயந்திரத்துக்கு ஏசி. டாக்டர் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறார், வாட்ச்மேன் அங்கேதான் பேப்பர் படிக்கிறார், நான்கூட வெயில் தாங்காத நாட்களில் டாக்டரோடு பொது விஷயம் பேசுவதற்காக அங்கே போவதுண்டு. இயந்திரத்தை ஓட்டினால் பக்கத்துத் தையல் கடையில் மின்சாரம் இறங்கிவிடும். தையல்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஸ்கேனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். சில மாதங்களாக அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. தைத்துக்கொண்டே இருக்கிறார்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். சங்கம் வீடியோவில் நடத்தும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர் மட்டுமே இயந்திரத்தைத் தொடலாம், இல்லையென்றால் இயந்திரம் திரும்பப் பெறப்படும் என்பது உங்கள் ஒப்பந்தம். உலகத்தில் எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் என்று மேடையில் சொன்னீர்கள். முதலில் வாங்கியவர் மருந்துக்கடைக்காரர் மகன். சான்றிதழ் செல்லுபடியானது, கூடவே அவரும் போய்விட்டார். அடுத்தது சின்ன நர்ஸ். அவளும் போய்விட்டாள். இருவரும் இப்போது நீங்கள் ஸ்கேன் பிரிவுத் தலைவராக இருக்கிற அதே ஆஸ்பத்திரியில், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு ஊரே பெருமைப்படுகிறது. சின்ன நர்ஸ் அங்கிருந்து போட்டோ அனுப்பியிருந்தாள். அதே கம்பெனி, அதே மாடல் இயந்திரம், பக்கத்தில் சிரித்துக்கொண்டு அவள். ஆக, நீங்கள் இங்கே இயந்திரத்தை அனுப்பினீர்கள், நாங்கள் அங்கே ஆளை அனுப்பினோம். சான்றிதழ் இல்லாதவர் தொடக்கூடாது, சான்றிதழ் வந்தவர் ஊரில் இருக்க மாட்டார். இத்தனை சரியாகச் சமன் செய்த தராசை நான் என் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை. முத்திரை குத்திக் கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை. உங்கள் அக்காவுக்கு வயிறு வலிக்கும் வரை. வலது பக்கம், விலாவுக்குக் கீழே. சாப்பிட்டால் வருகிறது, முதுகுக்குப் போகிறது, வேர்த்து ஊற்றுகிறது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்கேன் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, டவுனுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். டவுன், பஸ்ஸில் போகிற தூரம்தான். நான் பையில் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால் உங்கள் அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் தம்பி ஊருக்கே மிஷின் குடுத்திருக்கான். நான் போய் எவன் மிஷின்லயோ படுத்தா பாக்கறவங்க என்ன சொல்வாங்க? தம்பி மிஷின் ஓட்டை, அக்காவே நம்பலன்னுதானே?"

"வயிறு வலிக்குதேடி."

"வலிக்குது. அதுக்காக அவன் மானத்தை டவுன்ல கொண்டுபோய் விக்கச் சொல்றீங்களா? படுத்தா தம்பி மிஷின்லதான் படுப்பேன்."

"அதை ஓட்ட ஆள் இல்ல."

"அது உங்க ஆஸ்பத்திரி லட்சணம். மிஷினைக் குத்தம் சொல்லாதீங்க."

உங்கள் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது புதிது. டாக்டரிடமே திரும்பப் போனேன். ஏசி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சீட்டு எழுதுற பொண்ணு மூணாவது ஆளா அந்தப் பயிற்சியைப் படிச்சுக்கிட்டிருக்கு. எல்லாம் தெரியும் அதுக்கு. சர்ட்டிபிகேட் வரல. வராம தொட விட்டா உங்க மச்சினர் மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவார்."

"வந்துட்டா?"

"வந்துட்டா பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவார்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினார்.

வெளியே வந்தால் அந்தப் பெண்ணே கேட்கிறாள், "சார், உங்க மச்சினர் ஊர்ல ரொம்பக் குளிருமா?" என்று. நோயாளிக்குச் சீட்டு எழுதிக்கொண்டேதான் கேட்டாள். என்னம்மா அவசரம் என்றேன். ஸ்வெட்டர் இப்பவே வாங்கினால் தள்ளுபடி என்றாள்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. போனவர்களால் இந்த ஊர் வளர்ந்திருக்கிறது. நம் தெருவில் அழகான வீடுகள் எவை என்று பார்த்தால் பூட்டியிருப்பவைதான். உங்கள் வீட்டுச் சாவியும் என்னிடம்தான். மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று குழாய்க்காரரை அழைத்தேன். உடனே எடுத்தார், அன்பாக விசாரித்தார், "அண்ணே, நான் இப்ப உங்க மச்சான் இருக்குற ஊர்லதான் இருக்கேன், அங்க ஏதாவது ஒழுகுதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். உங்கள் வீட்டுக் குழாய் இங்கே ஒழுகிக்கொண்டிருக்கிறது, அதை அடைக்கிறவர் அங்கே உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வாளியோடு நிற்கிறேன்.

மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் ஸ்கேன் படித்தது இங்கே அரசாங்கக் கல்லூரியில். உங்களுக்குத் தொழில் பழக்கியது, இப்போது கிடங்கில் வாளிகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன மிஷின். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு உங்களுக்கு உண்டு. அதைக் கடற்கரை ஓட்டலில் கழிக்காமல் இங்கே வந்து இருங்கள். கோட்டு வேண்டாம், ரிப்பன் வேண்டாம். இங்கேயே இருக்கப்போகிறவர்கள் சிலரைப் பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள். சான்றிதழ் மட்டும் கொடுக்காதீர்கள். சங்கம் இதுவரை அனுப்பியதெல்லாம் உங்களிடம் மிச்சம் இருந்தது. ஒரு மாதம் உங்களிடம் மிச்சம் இல்லை என்று தெரியும். அதனால்தான் அதைக் கேட்கிறேன். அது முடியாதென்றால் குறைந்தது இந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். இனி நம் ஆஸ்பத்திரியிலிருந்து யாரையும் அழைத்துக்கொள்ளாதீர்கள். இதை ஊரின் கோரிக்கையாகவோ, அக்கா வீட்டுக்காரனின் கெஞ்சலாகவோ, உங்கள் சங்கத்துக்கு எது பதிவு செய்ய வசதியோ அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா உங்கள் எல்லோருக்கும் ஆசி சொல்லச் சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் முழு ஆசிதான். குழந்தைகள் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் பதிவு செய்து அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையும் வாளியின் மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு வைத்துவிட்டு, தபால் தலை இல்லாமல் அப்படியே விட்டிருந்தேன். அதற்குள் சீட்டு எழுதும் பெண்ணுக்கு உங்களிடமிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் உங்கள் அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் ஈரத் தலையோடு ஓடியபோது தையல்காரர் கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "ஸ்கேன்" என்றார். உள்ளே உங்கள் அக்கா உங்கள் மிஷினில் ராணி மாதிரி படுத்திருந்தாள். பித்தப்பையில் கல்லாம். வேறொன்றும் இல்லை, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். நான் ஏசி அறையிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தங்கம், மாப்பிள்ளை. படம் அத்தனை தெளிவு. "மூச்சை இழுங்கம்மா, விடுங்கம்மா" என்று அவள் சொன்ன மாதிரி தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்கிறாள் உங்கள் அக்கா. இந்த இடத்தில் உங்கள் அக்கா என் பின்னால் வந்து நிற்கிறாள். "என்னை விட்டுட்டு ஓடிடாம வந்து எடுத்துக் குடுத்தா. உன்னை என் தம்பிகிட்ட சேத்து விடறேன்னு வாக்கு குடுத்துட்டேன். எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்: இவளை உடனே உங்கள் பிரிவில் சேர்த்துக்கொள்ளவும். ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது. மேலே 'யாரையும் அழைத்துக்கொள்ளாதீர்கள்' என்று இருக்கும் இடத்தில், 'இந்தப் பெண்ணுக்குப் பிறகு' என்று சேர்த்துப் படிக்கவும்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆகவே பயிற்சியை நிறுத்துவது பற்றி நான் எழுதியதை அடித்துவிட்டு, நாலாவது ஆளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே வகுப்பை ஆரம்பித்துவிடுங்கள். உங்கள் அக்கா வேறு எங்கும் படுக்க மாட்டாள்.