ஏழு முதுகுகள்

தகரத் தொட்டியில் வெந்நீர் பிடித்து, வலது தோளில் முதல் குவளையை ஊற்றப் போன நேரத்தில் சமார்பெக்கின் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

"தம்பி, கை சும்மாதானே இருக்கு?"

திரும்பினால் வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர். உடம்பில் துணி இல்லாவிட்டாலும் முகத்தில் கௌரவத்துக்குக் குறைவில்லை. சோப்பும் தேய்க்கும் நாரும் கையில் தயாராக இருந்தன.

"முதுகு எட்ட மாட்டேங்குது. ரெண்டு இழுப்பு இழுத்து விடேன்."

கை சும்மா இல்லை. அன்று மதியம்தான் அந்தக் கை நவ்ரூஸ் வசந்தத் திருவிழா மல்யுத்தத்தில் மூன்று பேரைத் தூக்கித் தரையில் போட்டிருந்தது. மறுநாள் காலை இறுதிப் போட்டி. எதிராளி, மலைக்கு அந்தப் பக்கம் சாரிகயா கிராமத்துக் கெரிம்குல். மூன்று வருஷமாக அதே இறுதிப் போட்டி, அதே கெரிம்குல், அதே முடிவு. பரிசுக் குதிரை மூன்று தடவையும் சாரிகயாவுக்கே நடந்து போயிற்று.

குதிரை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சமார்பெக்கின் மகள் பெர்மெத்துக்கு ஏழு வயது. ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு முதல் நாளே, வராத குதிரைக்குப் பெயர் வைத்துவிடுவாள். இந்த வருஷம் பெயரோடு நிற்கவில்லை. சிவப்புக் கம்பளி நூலில் கடிவாளமும் பின்னிவிட்டாள். மனைவி நுர்ஜமால் வேறு, "முப்பத்தாறு வயசாச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் இதோட சரி" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

பயிற்சியாளர் மெலிஸ் தோளை அழுத்திப் பார்த்து, "நேரா குளியல்கூடத்துக்குப் போ. நல்லா வேர்க்க விடு. அப்புறம் நம்ம குபாத்கிட்ட அரை மணி நேரம் படுத்து உடம்பைப் பிடிச்சுக்கோ. போய்த் தூங்கு. இந்த வலது கையால டீக்கிண்ணம்கூடத் தூக்கக் கூடாது, புரியுதா?" என்று அனுப்பியிருந்தார்.

புரிந்தது. டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ராய்க்கான் அக்காவும், "இன்னைக்கு உள்ள கூட்டம் ஜாஸ்தி, பாத்துக்கோ. நாளைக்குக் குதிரை நம்ம ஊருக்குத்தான்" என்று வாழ்த்தித்தான் உள்ளே விட்டாள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் முதுகைத் திருப்பிக் காட்டிய பிறகு, இளையவன் முடியாது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அப்படிச் சொன்னவன் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

"அதுக்கென்ன தாத்தா" என்று சமார்பெக் நாரை இடது கையில் வாங்கினான்.

பெரியவரின் முதுகு விறைத்தது.

"இடது கையா?"

"இல்ல தாத்தா, வலது கை கொஞ்சம்..."

"என் பேரனுக்கு நாலு வயசு. அவன்கூட எனக்கு இடது கையால ரொட்டி நீட்ட மாட்டான். பரவாயில்லப்பா. காலம் கெட்டுக் கிடக்கு, உன்னைச் சொல்லி என்ன?"

பக்கத்துத் தொட்டிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் வெள்ளைத்தாடிகள்தான். சமார்பெக் பதறிப்போய் நாரை வலது கைக்கு மாற்றினான். செய்த மரியாதைக் குறைவுக்குப் பரிகாரமாக அந்த முதுகை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை என்று முழுசாகத் தேய்த்தான்.

"நீ சமார்பெக்தானே?"

"ஆமா தாத்தா. எப்படித் தெரியும்?"

"உன்னைத் தெரியாதவன் உண்டா?" என்ற பெரியவர், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, "நாளைக்கு ஜெயிக்க வேண்டியவன் ஜெயிக்கட்டும். ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்.

சமார்பெக்குக்கு உள்ளே குளிர்ந்தது. புகழ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான். நினைத்து முடிப்பதற்குள் பக்கத்துத் தொட்டிக்காரர் முதுகைத் திருப்பியிருந்தார். அவருக்குத் தேய்த்து முடித்ததும் அடுத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவனுக்கு ரெண்டு தடவை தேய்ச்சியே, நான் அவனைவிட மூணு வயசு மூத்தவன் தெரியுமா?"

"உங்களுக்கும் ரெண்டு தடவை தேய்க்கிறேன் தாத்தா."

"அப்ப அவனும் நானும் ஒண்ணா?"

மூன்று தடவை தேய்த்தான்.

தோள் கனக்கத் தொடங்கிற்று. இனி இந்த அறையில் இருந்தால் ஆபத்து என்று நீராவி அறைக்குள் ஓடினான். அங்கே ஆவிமூட்டத்தில் யாருக்கும் யாரும் தெரிய மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. மேல்தட்டில் ஏறிக் கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்கு மேலே ஈரமான பிர்ச் மர இலைக் கட்டு ஒன்று சொட்டியது.

"யாரு, சமார்பெக்கா? நல்ல நேரத்துல வந்தே. இந்தக் கட்டால என்னை நாலு போடு போடு."

நீராவி அறையில் இலைக் கட்டால் அடிப்பது உடம்புக்கு எவ்வளவு நல்லதோ, அடிக்கிறவன் கைக்கு அவ்வளவு கெட்டது. சமார்பெக் மெதுவாக அடித்தான்.

"என்னப்பா, ஈ ஓட்டறியா? மல்யுத்தக்காரன் அடி இப்படியா இருக்கும்?"

பலமாக அடித்தான். இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சியது. பெரியவர் சொர்க்கத்தில் இருப்பவர் போல முனகினார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று சமார்பெக் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"தாத்தா, நாளைக்கு எனக்கு இறுதிப் போட்டி. தோள் வலி உயிர் போகுது."

கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது.

"முதல்லயே சொல்லக் கூடாதா? இப்படி வா. நாப்பது வருஷம் எலும்பு வைத்தியம் பாத்தவன் நான்."

"அப்படியா தாத்தா! யாருக்கெல்லாம் பாத்திருக்கீங்க?"

"குதிரைக்கு. எப்பவாவது மாட்டுக்கும் பாப்பேன்."

கையை இழுத்துக்கொள்வதற்குள் பெரியவர் அதைப் பிடித்து முறுக்கிப் பின்னால் கொண்டுபோனார். தோளுக்குள் கடக் என்று ஒரு சத்தம் வந்தது.

"போச்சா?"

"எது தாத்தா?"

"வலிதான்."

"இல்ல தாத்தா, ஜாஸ்தியாயிருக்கு."

"அப்ப உள்ளே இருந்தது வெளிய வருதுன்னு அர்த்தம். கையைச் சும்மா வைக்காதே, உறைஞ்சு போயிடும். அசைச்சுக்கிட்டே இருக்கணும்." பெரியவர் நாரை நீட்டினார். "இந்தா, என் முதுகு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வைத்தியத்துக்கு நன்றிக்கடனாக அந்த முதுகும் ஆயிற்று. இரண்டு பேரும் கைகளை விரித்து, ஜெயிக்க வேண்டியவன் ஜெயிக்கட்டும் என்று ஆசீர்வதித்தார்கள்.

இனி குபாத்தான் கதி. உடம்பு பிடித்துவிடும் அறைக்குப் போனால், கல்மேடையில் மலை போல ஒரு பெரியவர் கவிழ்ந்து படுத்திருந்தார். அவர் மேல் குபாத் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எப்ப முடியும்?" என்று காதோடு கேட்டான் சமார்பெக்.

"ரெண்டு மணி நேரமா எழுந்திரிக்கவே இல்ல. இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் மேலேன்னு என் உயிரை வாங்குறார்."

மலை பேசியது. "யாரு, சமார்பெக் குரலா? குபாத்துக்குக் கை ஓஞ்சு போச்சுப்பா. நீ கொஞ்சம் பிடிச்சு விடேன்."

குபாத் நன்றியோடு நகர்ந்து டீ குடிக்கப் போனான். போனவன் போனவன்தான்.

கால் மணி நேரம் கழித்துத் தப்பி வந்த சமார்பெக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. இளையவனாக இருப்பதுதானே பிரச்சினை? மூலையில் ஒரு தொட்டியருகே உட்கார்ந்து சோப்பை நுரைத்து, தலை, புருவம், முகவாய் எல்லாம் அப்பிக்கொண்டான். நெஞ்சுவரை வெள்ளைத்தாடி தொங்கியது. முதுகைக் கூனிக்கொண்டு இரண்டு தடவை இருமியும் பார்த்தான். பிரமாதமாக வந்தது. வலது தோளில் வெந்நீரை ஊற்றினான். அந்தச் சாயங்காலத்தில் அவன் அனுபவித்த முதல் சுகம் அது.

சுகம் இரண்டு குவளைதான் நீடித்தது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் பெரியவரே. நல்ல தாடி."

"ம்ம்" என்றான் சமார்பெக், குரலை நடுக்கி.

"வயசு என்ன ஆகுது?"

அறுபது என்றால் போதுமா என்று யோசித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று, "எழுபது" என்றான்.

"எனக்கு எழுபத்தி நாலு" என்று அவர் முகம் மலர்ந்தார். "அப்ப நீ எனக்குத் தம்பி. இந்தா நார்."

இரவுச் சாப்பாட்டில் அவன் சூப்புக் கிண்ணத்தை இடது கையால் எடுப்பதைப் பார்த்து நுர்ஜமால் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஓய்வெடுக்கத்தானே போனீங்க?"

"ஏழு பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணியிருக்காங்க, நுர்ஜமால். ஒண்ணு பலிச்சாக்கூடப் போதும்."

"கை?"

"கை தானா சரியாயிடும்."

பெர்மெத் கடிவாளத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு ஆசீர்வாதமும் பலித்தன. ஜெயிக்க வேண்டியவன் ஜெயித்தான். கெரிம்குல் இடுப்புக் கச்சையைப் பிடித்ததும் சமார்பெக் வலது கையைத் தூக்கப் பார்த்தான். அது வேறு யாருடைய கையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி வானம் தெரிந்தது, பங்குனி வெயிலில் ஒரு மேகமும் தெரிந்தது. சாரிகயாக்காரர்கள் தொப்பிகளை எறிந்து கூத்தாடினார்கள். கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்ததால் அவன் தரையையே பார்த்தபடி வெளியே வந்தான்.

பெர்மெத் கடிவாளத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"அப்பா, அந்தக் குதிரைக்கு ஒரு காது கோணலா இருக்கு. நமக்கு வேண்டாம்."

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தேற்றியதுதான் தாங்க முடியவில்லை. நுர்ஜமால் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டு, "போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

குளியல்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. தொட்டிகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு இருமல்கூட இல்லை. குபாத் முழுசாக ஒரு மணி நேரம் தோளைப் பிடித்துவிட்டான். உடம்பு பஞ்சாக லேசானது, தோள் முன்னும் பின்னும் சுகமாகச் சுழன்றது. இந்தத் தோள் காலையில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே தலை துவட்டியபடி டிக்கெட் ஜன்னலுக்கு வந்தான்.

"என்ன அக்கா, நேத்து அத்தனை பெரியவங்க இருந்தாங்க. இன்னைக்கு ஒருத்தரையும் காணோமே?"

ராய்க்கான் அக்கா அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவங்கெல்லாம் சாரிகயா பஸ்ஸுல வந்தவங்கப்பா. டிக்கெட் வாங்கறப்பவே உன்னைப் பத்தி எவ்வளவு ஆசையா விசாரிச்சாங்க தெரியுமா? உனக்கு எந்தக் கை பலம்னுகூடக் கேட்டாங்க, நான்தான் பெருமையா வலதுன்னு சொன்னேன்."