பாதி உட்காரும் உரிமை

கடைச் சிப்பந்திகள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பித்தளை வாத்தியம் முழங்கக் கொண்டாடியும் ஆயிற்று. புவெப்லா நகரத்துச் செருப்புக் கடையில் எர்லிந்தா இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். கடையில் நாற்காலிக்கா பஞ்சம்? வரிசையாகக் கிடந்தன, அத்தனையும் வாடிக்கையாளருக்கு! இவள் முழங்காலோ பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நின்றால் நடக்கவே முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரி தோன் கிரெசென்சியோ வந்தார். வந்ததும் வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தார்.

“ஐயா, எனக்கு எப்ப நாற்காலி வரும்?”

“இந்தா, இப்பவே! ஆனா மத்த நாட்டுல எப்படி உட்காருறாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா, அம்மணி?”

“எல்லா நாட்டுலயும் ஒரே எடத்தாலதானேய்யா உட்காருறாங்க!”

கூட வேலை பார்க்கும் ஒத்திலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஊர் ‘இப்பவே’யை நம்பி யாரும் அடுப்பில் பால்கூட வைக்கமாட்டார்கள்.

ஒரு குழுவோடு ஆறு நாடு சுற்றித் தொப்பையோடு திரும்பிய கிரெசென்சியோ, கடையிலேயே அறிக்கை வாசித்தார். “மேற்படி நாடுகளுள் மூன்றில் சிப்பந்திகள் அமர்கின்றனர்; மூன்றில் நிற்கின்றனர். ஆகவே சராசரியாகப் பாதி அமர்ந்த நிலையே உத்தமம் எனத் தீர்மானிக்கப்படுகிறது!”

மறுநாளே எர்லிந்தாவும் ஒத்திலியாவும் முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமலே பாதி உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள். முதலாளிக்குப் பரம சந்தோஷம். செலவே இல்லாமல் பாதிச் சட்டம் நிறைவேறிவிட்டதே! செருப்பு வாங்க வந்தவர்கள்தான் பரிதாபப்பட்டு, கழிப்பறை அந்தப் பக்கம் என்று கைகாட்டினார்கள்.

எர்லிந்தா அலுவலகத்துக்கே போய்க் கத்தினாள். “உம்ம சராசரியில தீய வைக்க! ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கீரா?”

கிரெசென்சியோ முகம் மலர்ந்தது. “அடடா, அதுதான் குறை! எங்க குழுவுல நின்னவங்களே இல்ல. தொழிலாளர் பிரதிநிதியா நீங்களே வாங்களேன். விமானத்துல சன்னலோர இருக்கை!”

“இருக்கையா?” என்றாள் எர்லிந்தா.

“எனக்கும் சேத்துப் பேசுடி” என்று ஒத்திலியா அழுதுகொண்டே வழியனுப்பினாள்.

மழைக்காலம் முடிந்து எர்லிந்தா கடைப்பக்கம் வந்தாள். முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. இப்போது வீங்கியிருந்தது ஒத்திலியாவின் முழங்கால்.

“நாற்காலி என்னடி ஆச்சு?”

எர்லிந்தா வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள்.

“இந்தா, இப்பவே வரும். இன்னும் நாலு நாடு பாக்கியிருக்கு, அவசரப்படாத. அந்த நீலச் செருப்ப எடு, போட்டுப் பாக்கறேன். ஒண்ணு சொல்லட்டுமா ஒத்திலியா? உக்காந்து பாத்தா, நிக்கிறது அப்படியொண்ணும் கஷ்டமாத் தெரியலடி.”