அக்கரை அலுவலகம்

சாப்பாட்டு மேஜையின் மேல் சான்றிதழ் ஃபைல் சாவகாசமாகப் படுத்திருந்தது. அதைக் கொண்டுபோக வேண்டிய மனைவி எட்டரைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வாட்ச் ரிப்பேர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரார் நேரத்தையெல்லாம் சரிசெய்து கொடுப்பவர் வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடப்பதில்லை.

பாலங்கள், சுரங்கங்கள் வாரியத்தில் பொதுமக்களுக்கு வழி சொல்லும் வேலை. அதற்கு இன்று அவளுக்கு இன்டர்வியூ. 'பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் அக்கரை அலுவலகத்துக்கு வரவும்' என்று கடிதம் வந்திருந்தது. வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து இரண்டு வருடமாக அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு கதியில்லை.

போனைப் போட்டார்.

"எங்க இருக்க?"

"சுரங்கத்தைத் தாண்டி இப்பதான் இறங்கினேன். ஏங்க, அந்த ஃபைலு..."

"இங்கதான் படுத்துத் தூங்குது. அங்கேயே நில்லு, நான் கொண்டுவரேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பினார். தெரு முனையில், இஸ்திரிக் கடைக்குப் பக்கத்துப் பச்சை கேட் முன்னால் ஒரு வரிசை தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலங்காத்தால உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?"

"இல்லாமத்தான் சார் நிக்கிறோம்" என்றான் ஒருவன்.

ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் பஸ்ஸை விடுவார்கள், ஸ்கூட்டரை விடமாட்டார்கள். ஆற்றைத் தாண்டப் பாலம்தான் வழி. அங்கே ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, அக்கரையில் சுரங்கத்து வாசலை அடைந்தபோது மணி ஒன்பதரை. மனைவியைக் காணோம். போனும் போகவில்லை. சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"சுரங்கத்து வாசல்ல நிக்கிறேன். நீங்க எங்க?"

"நானும் அங்கதான் நிக்கிறேன்!"

"காணோமே?"

"நீ எந்தப் பக்கத்து வாசல்?"

"நம்ம வீட்டுப் பக்கம். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு பஸ் பிடிச்சுத் திரும்பிட்டேன்."

"அங்கேயே நில்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"அப்படிச் சொல்லிட்டு நீங்க என்னைக்கு வந்திருக்கீங்க?"

அவர் பல்லைக் கடித்தார். "சரி, நகராதே, நான் வரேன்."

"நீங்க நகராதீங்க, நான் வரேன்" என்று அவளும் அதே நேரத்தில் சொன்னாள். அதே நேரத்தில் இருவரும் போனையும் வைத்தார்கள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மறுபடி பாலம். மறுபடி பச்சை கேட். வரிசை இன்னும் நீண்டிருந்தது. அவர் கையில் ஃபைலைப் பார்த்ததும் ஒருவன், "கடைசி ஆளு அந்த மரத்தடியில சார், அங்க போய் நில்லுங்க" என்றான்.

"நானே பொண்டாட்டியைத் தேடி அலையறேன்யா. உன் வரிசைக்கு எவன் வந்தான்?"

சுரங்கத்து வாசலில் அவள் இல்லை. அக்கரையிலிருந்து போன் வந்தது. மணி பத்து.

"போதும்!" என்று அவர் கத்தினார். "இனிமே யாரும் முழுசாத் தாண்ட வேண்டாம். பாதி வழியில சந்திப்போம். நடுவுல வந்து நில்லு."

அவருக்கு நடு என்றால் பாலத்தின் நடு. அவளுக்குச் சுரங்கத்து நடைபாதையின் நடு. இருவரும் சொன்ன சொல் தவறாமல் போய் நின்றார்கள். அவர் மேலே, அவள் கீழே, இடையில் ஓர் ஆறு மட்டும்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தவரின் தோளில் பாலத்துக் காவலர் கை வைத்தார்.

"சார், இங்க நிக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசித் தீர்த்துக்கலாம்."

"பொண்டாட்டிக்காகத்தான்யா நிக்கிறேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்று காவலர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்க வைத்து, வாழ்க்கையின் அருமையை விளக்கி அனுப்புவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிட்டது. அதற்குள் அவளும் காத்துக் காத்துச் சலித்து அக்கரையில் வெளியே வந்திருந்தாள்.

"நேரா ஆபீஸுக்கே வந்துடுங்க" என்றாள் போனில்.

"இதை ஒன்பது மணிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"நீங்கதானே நில்லு நில்லுன்னீங்க!"

வாரியத்தின் ஏழு மாடிக் கட்டடத்துக்குள் இருவரும் மூச்சு வாங்க ஓடினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். வராந்தா காலியாக இருந்தது. ஒரு டைப்பிஸ்ட் மட்டும் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்டர்வியூ முடிஞ்சு போச்சாம்மா?" மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

டைப்பிஸ்ட் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "முடியலையே. ஆனா அக்கரை அலுவலகம்னு தெளிவாப் போட்டிருக்கே."

"இதுதானேம்மா அக்கரை?" என்றார் வாட்ச்காரர்.

"உங்களுக்கு சார். நான் இங்க உக்காந்துதானே இந்த லெட்டரை டைப் அடிச்சேன்? எனக்கு அக்கரைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க ஒரு இஸ்திரிக் கடை இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே பச்சை கேட்!"