கிணற்றுக்குத் தாய்மாமன்

மதுரையில் மீனாட்சி கோயிலுக்குள் காலெடுத்து வைக்காதவர்கள்கூட இருந்திருக்கலாம். சீசா சாருக்கு ஒரு சீசா தண்ணீர் கொடுக்காமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் பாயசத்துக்குக் காத்திருப்பார்கள். இவர் மட்டும் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், முகர்வார், பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்து அதில் ஊற்றிக் கார்க்கால் அடைத்து, பெண் வீட்டார் பேரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார். சம்பந்தியைவிட இவரைக் கண்டுதான் பெண் வீட்டார் பயந்தார்கள்.

அவர் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி டிமான்ஸ்ட்ரேட்டர். நான் மில் குமாஸ்தா. யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில், தெற்கு மாசி வீதிக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரரே வாசலில் நின்று "சீசா சாருக்கு லெட்டர்!" என்றுதான் கத்துவார்.

ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் உள்ள கிணறு, ஊருணி, தெப்பக்குளம் அத்தனையின் தண்ணீரையும் மாதாமாதம் எடுத்துச் சோதித்து, எது எப்போது எதனால் கெடுகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. செய்யச் சொன்னவர் யாருமில்லை. முடிவு என்ன என்று கேட்டவரும் இல்லை. அறையில் கீழக்குயில்குடியும் வண்டியூரும் சீசா சீசாவாகக் கட்டில் நிறையப் படுத்திருக்கும். சார் வெளியே தாழ்வாரத்தில் படுத்திருப்பார்.

தண்ணீர் எடுப்பதோடு விடமாட்டார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டமும் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்கு என்னையும் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனார். தோட்டக் கிணற்றுக்குள் இடுப்பு வரை தொங்கிக்கொண்டிருந்த மனிதரை இரண்டு சம்சாரிகள் ஓடி வந்து கட்டிப் பிடித்துவிட்டார்கள்.

"வேணாம்ண்ணே! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கிருவோம்!"

"விடுங்கய்யா, நான் ஆழம் பாக்கணும்!"

"ஆழம் பாக்கணுமாம்ல! மாப்ள, காலப் புடிடா!"

வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய் மோர் கொடுத்து, "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா போறா, ரெண்டு நாள்ல அவளா வருவா" என்று தேற்றி அனுப்பினார்கள். சாருக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

ஆகாததற்கும் தண்ணீர்தான் காரணம். அந்த மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. பொய் சொல்ல வராது. அதுகூடப் பரவாயில்லை, உண்மையை அடக்கவும் வராது. சோழவந்தான் பக்கம் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். லட்சணமான பெண். "தம்பிக்குப் புடிச்சிருக்கா?" என்று தகப்பனார் ஆசையாகக் கேட்டார்.

"பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்க. உங்க கெணத்துலதான் மாட்டுக்கொட்டகைத் தண்ணி எறங்குது. காபியிலயே தெரியுது."

ஸ்டேஷனுக்கு வண்டி கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் நடந்துதான் வந்தோம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "அந்தப் பொண்ணும் அதத்தானேப்பா குடிக்குது?" என்றார். அதற்குமேல் என்னத்தைத் திட்டுவது?

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் சந்து ஒரு நாள் வந்து மாட்டிக்கொண்டது.

சந்தின் நடுவில் ஒரு பொதுக்கிணறு. தண்ணீர் கற்கண்டு. இட்லிக்கடை பாண்டியம்மாக்காவின் இட்லிக்கு வடக்கு மாசி வீதியிலிருந்தெல்லாம் ஆள் வரும். பெருமை முழுவதும் கிணற்றுக்கே என்பாள் அக்கா. அந்த வருஷம் சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு ஊரில் பேதி பரவியது. பக்கத்துத் தெருவில் சாவும் விழுந்துவிட்டது. சார் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். கிணற்றுக்குப் பின்னாலிருந்த சத்திரத்தின் கழிவுக்குழி மண்ணுக்கடியில் கிணற்றுக்குள் கசிகிறதாம். பேதி கண்ட யாத்திரைக்காரன் ஒருவன் சத்திரத்தில் வந்து படுத்தால் போதும், எங்கள் தெருவே காலி என்றார்.

வீடு வீடாகப் போய்க் கிணற்றை மூடச் சொல்லிக் கெஞ்சினார். "முப்பாட்டன் காலத்துல இருந்து குடிக்கிறோம். நீங்க நேத்து வந்தவுக" என்று அனுப்பிவிட்டார்கள்.

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் சந்துக் கோடியில் ராமய்யர் என்ற சௌராஷ்டிரருக்குச் சாயப்பட்டறை இருந்தது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுபவர். அவரிடம் குடம் குடமாகக் கெட்டிச் சிவப்பு வாங்கி, சத்திரத்துக் குழியில் கொட்டச் செய்தார். கொட்டுவதற்கு முன் தெரு ஜனத்தைக் கூட்டி, ஒளிவு மறைவில்லாமல் விளக்கவும் செய்தார்:

"வர்ணமேற்றிய ஜலமானது பூமிக்கடியில் சஞ்சரித்துக் கூபத்தை அடைகிறதா என்பது இதனால் பிரத்தியட்சமாகும்!"

நல்ல கதாகாலட்சேபம் என்று எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டார்கள். சுண்டல் உண்டா என்று ஒருவர் விசாரித்தார்.

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாததுமாகக் கிணற்றடியில் ஒரே கூச்சல்.

"ஆத்தாடி! கெணறு பூராம் ரத்தம்!"

"ரத்தமாவது! ராமய்யர் பட்டறைச் சாயம்டா! குடிக்கிற தண்ணியக் கெடுத்துப்பிட்டாருடா!"

கம்பும் கட்டையுமாக ஆம்பிளைகள் கிளம்பிவிட்டார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த ராமய்யருக்கு முழங்கை வரை சிவப்பு. சாரோ, பரீட்சையில் பாஸான பையனைப்போல முகமெல்லாம் சிரிப்பாக மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கோபத்தில் இருப்பவன் காதில் 'சாயம்' என்ற சொல்லுக்குமேல் ஒன்றும் ஏறாது. சார் வாயைத் திறந்தால் ராமய்யர் எலும்பு மிஞ்சாது; சிவப்பு தெளிந்ததும் தெரு பழையபடி அந்தத் தண்ணீரையே குடிக்கும்.

"தள்ளி நில்லுங்கடா!" என்று பாண்டியம்மாக்கா குறுக்கே பாய்ந்தாள். ராமய்யரின் கைகளை ஒரு பார்வை பார்த்தாள். "ஆம்பளைகளுக்கு இங்க என்ன சோலி? புள்ள வயசுக்கு வந்து நிக்கிது!"

"எந்தப் புள்ளக்கா?"

"நம்ம கெணத்துப் புள்ளதேன்! இம்புட்டுக் காலம் கழிச்சுச் சமைஞ்சிருக்கா. பாத்துக்கிட்டு நிக்கிறீகளேடி, குலவையப் போடுங்க!"

குலவை தெருவைத் தூக்கியது. ஆம்பிளைகளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கம்புகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"தீட்டுக் கழியிற வரைக்கும் ஒருத்தரும் வாளிய எறக்கப்படாது. சுத்தி ஓலை வச்சுக் குச்சுக் கட்டணும். தாய்மாமன்தேன் கட்டணும்" என்றாள் அக்கா. அப்புறம் படியில் நின்ற சாரை நிமிர்ந்து பார்த்தாள். "மாசாமாசம் எட்டிப் பாத்து நல்லது கெட்டது விசாரிச்சது நீங்க ஒருத்தர்தேன். என்ன சாரு, உங்க மருமகதான இவ?"

தெரு முழுக்க அவரைப் பார்த்தது. கைக்கு வந்த பெண்ணைக்கூட உண்மைக்காக விட்ட மனிதர். ராமய்யரைப் பார்த்தார், காலிக் குடத்தோடு நின்ற குழந்தைகளைப் பார்த்தார்.

"ஆமாக்கா," என்றார் மெதுவாக. "என் மருமகதான்."

அவர் கட்டிய குச்சுக்குள் காக்காய்கூட மூக்கை நுழைக்க முடியாது. கிணற்றுக்குத் தலைக்கு ஊற்றுகிற சாக்கில் தண்ணீரை அடியோடு இறைத்துக் கொட்டினார்கள். மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது: தேங்காய், பழம், பூ, நடுத்தட்டில் குவியலாகப் பிளீச்சிங் பவுடர்.

"இது என்ன சாரு?"

"பவுடரு. பொண்ணுக்கு."

அது பொய்யே அல்ல என்று எனக்கு ஒரு வாரம் விளக்கம் சொன்னார். இதற்கிடையில் அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டு சத்திரத்து ஏஜெண்டிடம் போய், "வயசுப்புள்ள இருக்கிற எடத்துல நாத்தமா?" என்று சண்டை போட்டுக் குழியை மூட வைத்துவிட்டாள்.

தனியாக இருக்கும்போது, அது சாயம்தான் என்று தெரியுமா என்று அக்காவைக் கேட்டேன். சிரித்தாள்.

"நான் கட்டியிருக்கிற சேலைச் செவப்பு எனக்குத் தெரியாதா தம்பி? சாரு அம்புட்டு நாளாக் கத்துனதும் காதுல விழத்தான் செஞ்சுச்சு. இந்தத் தெருவுல மூடுன்னா மூடமாட்டாக. தீட்டுன்னாத் தொடமாட்டாக."

சொல்லி வைத்தாற்போல, சத்திரத்தில் தங்கியிருந்த யாத்திரைக்காரர் ஒருவருக்குப் பேதி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சுற்றிலும் பல தெருக்களில் அழுகுரல் கேட்டது. எங்கள் சந்தில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. நான் சாரின் அறைக்கு ஓடி, "சார், ஜெயிச்சிட்டீங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அவசரப்படாதப்பா. இதே மாதிரி கெணறு, பக்கத்துலயே இதே மாதிரி குழி, மூடாம விட்ட இன்னொரு தெருவோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் எதுவும் சொல்லலாம். ஒரு தெருவ வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. ஆராய்ச்சிக்கு இது போதாது."

ஆராய்ச்சிக்குப் போதாமல் இருக்கலாம். அந்த ஒரு தெருவில் குடியிருந்த எனக்குப் போதும்.