அபேட்மென்ட் என்றால் குறைத்தல்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு நாள்தான் தைரியமாக இருந்திருக்கிறேன். அதுவும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும். மற்ற நாட்களில் நான் ஒழுங்காகப் பயந்து வாழ்கிறவன். விசாவுக்குப் பயம், மேனேஜருக்குப் பயம், பின்னால் வரும் போலீஸ் காருக்குப் பயம் (அது வேறு யாரையோ துரத்திப் போனாலும் நான் ஓரம் கட்டி நிறுத்திவிடுவேன்). அந்த இரண்டரை மணி நேரத் தைரியத்துக்கு ஆன செலவைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். நியூ ஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். வீடு பழசு என்றால் உள்ளே ஒன்றும் குறையில்லை. வெளிச் சுவரில் ஆணியடித்திருந்த பலகைகள்தான் கண்றாவி. இங்கே வீட்டுச் சுவருக்கு மேல் சட்டை போட்டதுபோல் ஓர் உறை போடுவார்கள். சைடிங் என்று பெயர். எங்கள் வீட்டுச் சட்டை சாம்பல் நிறத்தில், பாசி பிடித்து, அங்கங்கே விரிசல் விட்டிருந்தது. ஊருக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு என் சின்ன மாமியார், "ஏனுங்க, குடோனையா வாங்கியிருக்கறீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி கவிதா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காகப் பெருந்துறையிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். வளைகாப்புக்கு நாலு பேர் வருவதற்குள் வீட்டுக்குப் புதுச் சட்டை போட்டுவிட வேண்டும் என்று மைக் என்ற கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் சுவரைச் சுண்டிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். வேகமாக என்னென்னவோ சொன்னார். நான் புரிந்ததுபோல் தலையாட்டினேன் (என் அமெரிக்க ஆங்கிலத்தில் பாதி தலையாட்டல்தான்). இரண்டு நாளில் எஸ்டிமேட் வந்தது. புது வினைல் சைடிங் போட ஒன்பதாயிரம் டாலர். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அபேட்மென்ட், ஆறாயிரத்து நானூறு.'

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அகராதியைப் பார்த்தேன். அபேட்மென்ட் என்றால் குறைத்தல், தணித்தல் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆறாயிரத்து நானூறு தள்ளுபடி! மொத்தத்தைப் பார்த்தால் பதினைந்தாயிரத்து நானூறு என்று கூட்டிப் போட்டிருந்தது. குறைத்தல் என்று எழுதிவிட்டுக் கூட்டியிருக்கிறாரே என்று மைக்குக்குப் போன் செய்தேன். அவர், "சார், அது பழைய சைடிங்கைக் கழற்றும் கூலி" என்று சொல்லி, மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

"மாட்டுறதுக்கு ஒம்பதாயிரம், கழட்டுறதுக்கு ஆறாயிரமா?" என்று வீட்டில் குதித்தேன். மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார். பெருந்துறையில் எண்ணெய் மில் வைத்திருந்தவர். மில்லுக்குக் கூரை போட்டபோது மேஸ்திரியோடு தானும் மேலே ஏறியவர்.

"கழட்டறதுக்கு எதுக்குங்க மாப்ள ஆளு? ஒரு சின்னக் கடப்பாரை, ஒரு சுத்தியல். நாம ரெண்டு பேரும் பொழுதுக்குள்ள முடிச்சுப்போடலாம்."

அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. வளையல் வாங்க கவிதாவும் அத்தையும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கிளம்பினார்கள். வெஸ்ட் வின்ட்சரிலிருந்து சபீனாக்கா கார் கொண்டு வந்திருந்தார். நாகூர்க்காரர், கவிதாவுக்கு இந்த ஊரில் கிடைத்த அக்கா. "தம்பி, ஏணியில பாத்து ஏறுங்க" என்று அவர் சொன்னபோது, நான் கையிலிருந்த கடப்பாரையைத் தூக்கிக் காட்டினேன். கோயில் சிற்பத்தில் கதாயுதம் வைத்திருப்பார்களே, அப்படி.

வேலை நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. கடப்பாரையை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் பலகை பொரித்த அப்பளம்போல் நொறுங்கியது. நொறுங்காததைச் சுத்தியலால் அடித்தோம். மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்த அடியில் வெள்ளைத் தூசி பறந்தது. மாவு மில்லுக்குள் நிற்பதுபோல் இருந்தது. கீழே விழுந்த ஒரு துண்டை மாமா எடுத்து, உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்ள, இது நம்ம மில்லு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாட்டவே இருக்குதுங்க."

நான் ஏணியிலிருந்தே சிரித்தேன். "அதெல்லாம் இந்த ஊர்ல எங்க மாமா? இது ஏதோ அமெரிக்கச் சிமெண்டு." எனக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் வெயில், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முழுக்க அதன் அடியில் உட்கார்ந்து வெந்தவன். அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை.

பன்னிரண்டரைக்குப் பாதிச் சுவர் காலி. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் டோரத்தி வந்தார். எழுபது வயதிருக்கும். எப்போதும் ஒரு குட்டி நாயோடு இருப்பார். எங்களையும் தரையில் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "ஈஸ் தட் அஸ்பெஸ்டஸ்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். வந்த இரண்டு மாதத்தில் ஒரு வெள்ளைக்காரர் பேசியது அவருக்கு முழுதாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் மலர்ந்து, "எஸ் மேடம்! ஆஸ்பெஸ்டாஸ்! வெரி குட் ஆஸ்பெஸ்டாஸ்!" என்று சொல்லி, நல்ல பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வேலிக்கு மேல் நீட்டினார்.

டோரத்தி நாயை அள்ளிக்கொண்டு ஓடினார். எழுபது வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. டப், டப், டப். ஐந்தாவது ஜன்னலில் நான் கடப்பாரையைக் கீழே போட்டேன்.

ஆபீஸ் நண்பன் ஒருவனுக்குப் போன் செய்து, ஆஸ்பெஸ்டாஸ் என்றால் என்ன என்று இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவன் வாசித்தான். தூசி நுரையீரலுக்குள் போகும். போனால் வெளியே வராது. புற்றுநோய். "உடனே தெரியாதாம்டா. இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தானாம்" என்று ஆறுதலாகச் சொன்னான். என் கையைப் பார்த்தேன். கையெல்லாம் வெள்ளை. கண் இமையில் வெள்ளை. மாமாவின் மீசை ஒரே காலையில் நரைத்திருந்தது. எங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அது காலையிலிருந்து திறந்தே கிடந்தது. உள்ளே கவிதாவின் கட்டில். பக்கத்தில் நான் முந்தின வாரம் பூட்டி வைத்த தொட்டில்.

கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"வீட்டுக்கு வராத."

"ஏனுங்க? அப்பாவுக்கு என்னாச்சு?"

"அப்பா நல்லாருக்கார். நானும் நல்லாருக்கேன். இப்போதைக்கு."

இப்போதைக்கு என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு கர்ப்பிணியிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளுக்குப் பட்டியல் போட்டால் முதலில் அதைத்தான் போடுவார்கள். பத்தே நிமிடத்தில் சபீனாக்காவின் கார் வந்து நின்றது. நான் தெருவுக்கு ஓடி, "கிட்ட வராத! கண்ணாடிய ஏத்து!" என்று கத்தினேன். காருக்குள் கவிதா, வெளியே இருபதடி தள்ளி வெள்ளைப் பூச்சோடு நான். இரண்டு பேரும் செல்போனில் பேசினோம். அவள் அழுவது போனில் கேட்டது, கண்ணாடி வழியாகவும் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. துடைக்கலாமென்றால் கையில் தூசி. அப்படியே அழுதேன்.

சபீனாக்காதான் போனை வாங்கினார். "தம்பி, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பேசுனா இன்னும் பயந்துருவா. இவங்கள நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கார் திரும்பிய அதே மூலையில் தீயணைப்பு வண்டி உள்ளே வந்தது. பின்னாலேயே டவுன்ஷிப் அதிகாரியின் கார். எங்கள் கிரீன் கார்டு மனு மூன்று வருடமாக அரசாங்கத்தின் ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. முடிந்தது கதை, கைவிலங்கு, விமானம், மீனம்பாக்கம் என்று வரிசையாக மனதில் ஓடியது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அதிகாரி என்னை விநோதமாகப் பார்த்தார்.

மாமா முன்னால் போனார். "சார், நோ பிராப்ளம். இந்தியா ஃபுல் ஆஸ்பெஸ்டாஸ்."

"மாஸ்க் போட்டீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா தலையில் கட்டியிருந்த துண்டைக் காட்டினார்.

அந்த மனிதர் நல்லவர். திட்டவில்லை. பெருக்கக்கூடாது, நனைத்துப் பிளாஸ்டிக் போட்டு மூட வேண்டும், லைசென்ஸ் உள்ளவர்கள்தான் வந்து அள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, உடுத்தியிருக்கும் துணியையெல்லாம் கழற்றிப் பையில் போடச் சொன்னார். அக்டோபர் குளிரில் கொல்லையில் நின்றோம். தீயணைப்பு வீரர் ஒருவர் எங்கள் தோட்டக் குழாயாலேயே எங்களை நனைத்தார். பட்டாபட்டி டிராயரோடு மாமா நின்றதைத் தெருவே ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தது. பல் கிடுகிடுக்க அவர் என்னிடம், "வெசனப்படாதீங்க மாப்ள. இருவது வருசம் எங்க மில்லுல அதுக்கடியில உக்காந்தவன் நான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவரை நினைத்தும் பயம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மைக் வந்தார். உடைந்து கிடந்ததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார் (துக்க வீட்டில் கழற்றுவதுபோல). அபேட்மென்ட் என்று அவர் எழுதியது ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவதைத்தானாம். முழுப் பலகையாகக் கழற்றியிருந்தால் ஆறாயிரத்து நானூறு. இப்போது தூளாக்கி மண்ணில் கலந்துவிட்டதால் மேல்மண்ணையும் அள்ள வேண்டும், வீட்டுக்குள்ளும் சுத்தம் செய்து காற்றைச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு சுவருக்கு மட்டும் ஒன்பதாயிரத்து எண்ணூறு.

"மற்ற மூணு சுவருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அதைத் தொட வேண்டாம். அதன் மேலேயே புதுசைப் போட்டு மூடிவிடலாம். போனில் அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள்."

அதாவது, கழற்றாமலே இருந்திருந்தால் கழற்றும் செலவு பூஜ்யம். அகராதி சொன்னது சரிதான்.

இரண்டு வாரம் வெள்ளை உடை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு, நிலவில் இறங்கியவர்கள்போல் ஆட்கள் எங்கள் கொல்லையில் நடமாடினார்கள். வளைகாப்பு வெஸ்ட் வின்ட்சரில் சபீனாக்கா வீட்டில் நடந்தது. பிரசவ டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அன்றைக்குக் கவிதா வீட்டிலேயே இல்லை, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். குடும்ப டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒரு காலை நேரத்துத் தூசியால் ஏதும் வர வாய்ப்பு மிகக் குறைவு என்றார். அப்படியே விட்டிருக்கலாம். "இருபது வருஷம் கழித்து இருமல் வந்தால் சொல்லுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார். எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை.

ஜனவரியில் பெண் பிறந்தாள். அவள் போட்ட சத்தத்திலேயே நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாமா எண்பதைத் தாண்டி, மாடிப்படி ஏறிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். மகள் நாங்கள் தமிழில் பேசுவது எல்லாம் புரிந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தமிழில் வரும். நான் எந்த அறையில் இருமினாலும் மாடியிலிருந்து அவள் குரல் வரும்:

"அப்பா, ஷீட்டா? சளியா?"

சளிதான் என்று நான் சத்தமாகச் சொல்வேன். அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு, யாருக்கும் கேட்காமல், மூச்சை ஒரு தடவை ஆழமாக இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.