பூட்டு சாவியும் கண்ணீர் அஞ்சலியும்

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலையில்தான் ஒரு கலைஞனின் சோம்பேறித்தனம் முழு வீச்சில் வெளிப்படும். காசு கொடுப்பவன் பாட்டை நாலு தடவை போட்டுக் கேட்பான். சொந்தக்காரன் நம்பிவிடுவான். என் அக்கா குமுதா என்னை நம்பினாள். நான் என் டெம்ப்ளேட்டை நம்பினேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், வீட்டு மாடி அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து, 'ஸ்டுடியோ' என்று போர்டு மாட்டியிருந்தேன். (பக்கத்து வீட்டில் தறி ஓடாத நேரத்தில் மட்டும் இயங்கும் ஸ்டுடியோ.) புடவைக் கடைத் திறப்பு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே டெம்ப்ளேட். தவில், நாதஸ்வரம், கோரஸ் எல்லாம் முன்பே அடுக்கி வைத்த ஒரு ஃபைல், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரே டிசைன் அட்டையை வைத்துக் கலரை மட்டும் மாற்றிப் புடவை நெய்வதில்லையா? அந்தக் கதைதான்.

அந்த ஃபைலைத் திறந்ததும் 'சேவ் ஆஸ்' போட்டு, வேறு பெயர் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அது சாதாரண மனிதர்களுக்கு. மேதைகள் நேராக 'சேவ்' அடிப்பார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் தன் அம்மாவின் காரியத்துக்கு அஞ்சலிப் பாட்டு கேட்டபோது அப்படித்தான் அடித்தேன். அந்த அம்மாள் என் டெம்ப்ளேட்டிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்.

அடுத்து வந்தது ஊராட்சித் தேர்தல். ஏனாத்தூரைத் தாண்டியிருந்த அக்காவின் ஊரில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனவே அக்காவின் புருஷன் ஏகாம்பரம் மாமா தேர்தலில் நின்றார். (வேட்புமனுவில் மட்டும் அக்கா பெயர்.) நோட்டீசில் மாமா ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவுக்கு அக்கா. சின்னம் பூட்டு சாவி.

பிரச்சாரப் பாட்டின் முதல் சரணம் மாமாவைப் பற்றி. இரண்டாவது சரணமும் மாமாவைப் பற்றி.

"மாமா, நிக்கறது அக்கா. அவங்களுக்கு ஒரு வரி போட்டுக்கலாமா?"

"பல்லவில 'தாயே'ன்னு வருதே மச்சான், பத்தாதா?"

டெம்ப்ளேட்டில் இருந்த அஞ்சலிப் பாட்டு ஐந்து நிமிடம். மாமாவின் பாட்டு மூன்று நிமிடம். முன்னால் இருந்த மூன்று நிமிடத்தை அழித்துப் புதுப் பாட்டை வைத்தேன். மிச்சமிருந்த இரண்டு நிமிடம், திரையின் வலது ஓரத்துக்கு அப்பால், என் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

"முழுசா கேட்டியாடா?" என்றாள் அக்கா.

"என் வேலையையே சந்தேகப்படறியா?" என்று கோபப்பட்டேன். கேட்கவில்லை.

கடைசி நாள் பிரச்சாரம். சாயங்காலத்தோடு மைக் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். எதிர்த்தரப்பு வலுவாக இருந்தது. அக்கா தோற்றுவிடுவாள் என்றுதான் ஊரே பேசியது. குட்டி யானை வண்டியில் மாமா மைக்கோடு முன்னால் நிற்க, அக்கா பின்னால் தண்ணீர்க் குடத்துக்கும் கொடிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாட்டை அன்றுதான் முதன்முதலாகப் போடுகிறோம்; போடும் பொறுப்பு எனக்கு. பூட்டு சாவி தெருவெல்லாம் முழங்கியது. எனக்கே புல்லரித்தது.

பாட்டு முடிந்தது. கொஞ்சம் அமைதி. பிறகு நாதஸ்வரம் முகாரியில் இழுக்க, கோரஸ் கதறியது:

"தாயே... எங்களைத் தவிக்க விட்டு எங்கே போனாயே..."

உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால், அழுகை எவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு கணம் ரசித்துவிட்டேன். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

தெருவே வெளியே வந்தது. "ஐயோ, குமுதாவா? காலையிலகூட குழாயாண்ட தண்ணி புடிச்சிக்கினு இருந்துச்சே!" என்று ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டார். எதிர்வேட்பாளரின் புருஷன் ஆள் உயர மாலையோடும் போட்டோ எடுப்பவரோடும் வந்து சேர்ந்தார். துக்கத்தில் முந்திக்கொள்வதில் எங்கள் அரசியல்வாதிகளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மாமா பதறிப்போய் மைக்கில் கத்தினார். "யாரும் சாவலைபா! அவ நல்லாத்தான் இருக்குறா!"

"பார்த்தியா, பொண்டாட்டி செத்ததைக்கூட ஓட்டுக்காக மறைக்கிறான்!" என்றது கூட்டம்.

நான் கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்போது அக்கா எழுந்தாள். மாமா கையிலிருந்த மைக்கை வாங்கினாள். கல்யாணமான நாள் முதல் மாமா பேசும்போது அவள் குறுக்கே வந்து நான் பார்த்ததில்லை.

"நான் உயிரோடதான் இருக்கேன்."

எதிர்வேட்பாளரின் புருஷன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நான் இருக்கறது இப்பத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சு இல்ல? வந்தது வந்தீங்க, கேட்டுட்டுப் போங்க. குழாயில ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி வருது. எனக்குத் தெரியும், புடிக்கறவ நான். இவரு புடிச்சதில்ல." பெண்கள் பக்கம் சிரிப்பும் கைதட்டலும் வெடித்தன. அக்கா வண்டியை விட்டு இறங்கி, மைக்கை என்னிடம் வீசிவிட்டு, வீடு வீடாக நடந்தே போனாள். சத்தியமாக, என் பாட்டு எதற்கும் அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா ஜெயித்தாள். அனுதாப ஓட்டு என்றார்கள். உயிரோடு இருந்துகொண்டே அனுதாப ஓட்டு வாங்கிய ஒரே தலைவி என் அக்காதான்.

பதவியேற்ற அன்று ஊராட்சி அலுவலகத்தில் மாமா பழக்கதோஷத்தில் நேராகப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா எதிரில் போய் நின்று, மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, நான் உயிரோடதான் இருக்கேன்."

மாமா எழுந்தார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது இன்னொருவருக்காகத் தானே பதில் சொல்லிவிட்டால், சம்பந்தப்பட்டவர் இந்த வரியைத்தான் சொல்கிறார். போன வாரம் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணுக்குப் பாட்டெல்லாம் புடிக்காது" என்று அவள் அப்பா ஆரம்பித்ததும், அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "அது உயிரோடதானே இருக்குது? அதையே கேப்போம்" என்றாள்.

பெண் வாய் திறந்தாள். "பாட்டு புடிக்கும். ஆனா, கடைசிவரைக்கும் கேட்டுட்டுத்தான் சொல்வேன்."